பார்க்காத துகளுக்குப் பெயர் வைக்கலாமா?

குடியாத்தத்தில் பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "போன மாதம் நண்பர்களோடு காவலூர் வானாய்வகம் போய் வந்தோம். பிரபஞ்சத்தில் உள்ள பொருளில் 85 சதவீதம் கண்ணுக்குத் தெரியாத கரும்பொருள் என்று அங்கே பேச்சு வந்தது. அது விம்ப்பாக இருக்கலாம், ஆக்சியானாக இருக்கலாம் என்கிறார்கள். ஒருவரும் பார்க்காத துகளுக்கு முதலில் பெயர் வைத்துவிட்டு அப்புறம் தேடுவது சரியா? இத்தனை வருடம் தேடியும் கிடைக்கவில்லை என்றால் இல்லை என்று விட்டுவிட வேண்டியதுதானே?"

நல்ல கேள்வி தம்பி. வேலூரில் முப்பது வருடம் இயற்பியல் பாடம் நடத்தியிருக்கிறேன். ஏறக்குறைய ஒவ்வொரு வருடமும் யாராவது ஒருவர் இதைக் கேட்பார்கள். மணி அடிப்பதற்குள் இரண்டு வரியில் பதில் சொல்லிவிட்டு வந்துவிடுவேன். அது போதாது என்று எனக்கே தெரியும். இப்போது நேரம் இருக்கிறது, முழுதாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

நீங்கள் போய் வந்த காவலூரிலிருந்தே தொடங்கலாம். 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கிரகம் ஒரு விண்மீனை மறைத்துக்கொண்டு போகும் என்று முன்பே கணக்குப் போட்டிருந்தார்கள். நீங்கள் பார்த்த 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி அப்போது கிடையாது, அது 1986-ல் வந்தது. அன்றைக்கு இருந்தது 1 மீட்டர் தொலைநோக்கி. அதை அந்த விண்மீன்மேல் வைத்து ஒளியை அளந்துகொண்டிருந்தார்கள். கிரகம் விண்மீனைத் தொடுவதற்கு முன்பே ஒளி சட்டென்று மங்கி, சில நொடிகளில் மறுபடி பழைய நிலைக்கு வந்தது. நடுவில் ஏதோ ஒன்று குறுக்கே போயிருக்கிறது. என்ன அது? யுரேனஸைச் சுற்றும் புதிய நிலவாக இருக்கலாம் என்றுதான் காவலூர்க்காரர்கள் முதலில் கருதினார்கள். அதே இரவில் அமெரிக்க விஞ்ஞானிகள் இந்தியப் பெருங்கடலுக்கு மேல் விமானத்தில் தொலைநோக்கி வைத்துப் பறந்துகொண்டே அளந்தார்கள். கிரகத்துக்கு இந்தப் பக்கம் எத்தனை மங்கல் விழுந்ததோ, அதே தூரங்களில் அந்தப் பக்கமும் விழுந்திருந்தது. நிலவென்றால் அப்படி இரண்டு பக்கமும் இருக்காது. அது வளையம்.

இந்தச் சம்பவத்தை மனதில் நிறுத்திக்கொள்ளுங்கள். காவலூரில் பதிவான மங்கல் கடைசிவரை பொய்யாகவில்லை. நிலவு என்ற விளக்கம் போயிற்று, வளையம் என்ற விளக்கம் நின்றது. கரும்பொருளிலும் இதே இரண்டு தட்டுகள் இருக்கின்றன. ஏதோ ஒன்று இருந்து இழுக்கிறது என்பது அளந்து பார்த்த செய்தி. அது விம்ப், அது ஆக்சியான் என்பதெல்லாம் அந்தச் செய்திக்குச் சொல்லப்படும் விளக்கங்கள். உங்கள் கேள்வியில் இவை இரண்டும் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. பிரித்துவிட்டால் பாதிக் குழப்பம் போய்விடும்.

அளந்த செய்தி என்ன? உங்கள் ஊர் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவில் சங்கிலியில் நாற்காலி தொங்கும் ராட்டினம் பார்த்திருப்பீர்கள். ராட்டினம் வேகமாகச் சுற்றச் சுற்ற, நாற்காலியைப் பிடித்து வைக்கச் சங்கிலி பலமாக இருக்க வேண்டும். விண்மீன்களுக்குச் சங்கிலி என்பது ஈர்ப்பு. சூரியக் குடும்பத்தில் பொருள் எல்லாம் நடுவில் சூரியனிடம் குவிந்திருப்பதால், தள்ளிப் போகப் போக வேகம் குறைகிறது. புதன் நொடிக்கு 47 கிலோமீட்டர் ஓடுகிறது, நெப்டியூன் 5 கிலோமீட்டர் சொச்சம்தான். விண்மீன் மண்டலங்களிலும் இப்படித்தான் இருக்கும் என்று எதிர்பார்த்தார்கள். வேரா ரூபின் என்ற அம்மையாரும் கென்ட் ஃபோர்டும் 1970-ல் ஆண்ட்ரோமெடா மண்டலத்தை அளந்தபோது ஓரத்தில் இருப்பவையும் வேகம் குறையாமல் நொடிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் ஓடிக்கொண்டிருந்தன. கார்த்திகை மாதம் இரவு எட்டு, ஒன்பது மணிக்கு ஜவ்வாது மலையில் நின்று வடக்கே உயரத்தில் பார்த்தால் புகைப்புள்ளி மாதிரி தெரியுமே, அதே ஆண்ட்ரோமெடாதான். அடுத்த பத்து வருடத்தில் வேறு பல மண்டலங்களிலும் இதையே பார்த்தார்கள். கண்ணுக்குத் தெரியும் விண்மீனும் வாயுவும் சேர்ந்து போடும் சங்கிலி, அந்த வேகத்தைத் தாங்காது.

ரூபினுக்கு முன்பே 1933-ல் ஃப்ரிட்ஸ் ஸ்விக்கி, கோமா என்ற மண்டலக் கொத்தில் இதே பற்றாக்குறையைக் கண்டு சொல்லியிருந்தார். அன்று பெரிதாக யாரும் காது கொடுக்கவில்லை. பிற்பாடு வந்த சாட்சிகள் வேறு வேறு திசையிலிருந்து வந்தவை. தூரத்து ஒளி வழியில் ஈர்ப்பால் வளைவது ஒன்று. பிரபஞ்சம் குழந்தையாக இருந்தபோது வெளிப்பட்ட நுண்ணலை வெப்பத்தில் உள்ள ஏற்ற இறக்கம் இன்னொன்று. பிளாங்க் விண்கலம் அதை அளந்து தந்த கணக்கில் சாதாரணப் பொருள் சுமார் 5 சதவீதம், கரும்பொருள் 27, மீதி, பிரபஞ்ச விரிவை வேகப்படுத்தும் கருஞ்சக்தி. பொருளை மட்டும் எடுத்துக்கொண்டால் நீங்கள் சொன்ன 85 சதவீதம் வந்துவிடும்.

சரி, அது ஒளி விடாத சாதாரணக் கல், மண், அணைந்துபோன விண்மீனாக ஏன் இருக்கக் கூடாது? மாணவர்கள் அடுத்து இதைத்தான் கேட்பார்கள். பிரபஞ்சம் பிறந்த முதல் சில நிமிடங்களில் ஹைட்ரஜன், டியூட்டீரியம் என்ற கன ஹைட்ரஜன், ஹீலியம் எந்த விகிதத்தில் உண்டாகும் என்பதை, சாதாரணப் பொருள் எவ்வளவு இருந்தது என்பதே முடிவு செய்தது. மிச்சமிருக்கும் டியூட்டீரியத்தை அளந்தால் மேலே சொன்ன 5 சதவீதத்துக்கே வருகிறது. நுண்ணலைக் கணக்குக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. இரண்டு தனித்தனித் தராசு ஒரே எடை காட்டுகிறது. ஆகவே கரும்பொருள் அணுவால் ஆனதாக இருக்க முடியாது. வேறு வகைத் துகள் என்ற பேச்சு இங்கேதான் பிறக்கிறது.

விம்ப், ஆக்சியான் போன்ற துகள்களைக் கரும்பொருளுக்கு 'வேட்பாளர்' என்பார்கள். இனி அந்தச் சொல்லுக்கு வருகிறேன். தோன்றியதைச் சொல்லி யாரும் இந்தத் தேர்தலில் நிற்க முடியாது. மனுத் தாக்கல் கடினம். துகளுக்கு மின்னூட்டம் இருக்கக் கூடாது, இருந்தால் ஒளி விட்டுக் காட்டிக்கொடுத்துவிடும். 1380 கோடி ஆண்டு அழியாமல் இருக்க வேண்டும். ஆரம்ப காலத்தில் மெதுவாக நகர்ந்திருக்க வேண்டும். கணக்குப் போட்டால் மிச்சம் நிற்கும் அளவு 27 சதவீதத்தோடு ஒத்துப்போக வேண்டும். எனக்கு மிகவும் பிடித்தது இன்னொரு தகுதி. கரும்பொருளை மனதில் வைக்காமல், இயற்பியலில் வேறொரு சிக்கலைத் தீர்ப்பதற்காகப் பிறந்த துகளாக இருந்தால் அதற்கு மதிப்பு கூடும்.

முதல் பெரிய வேட்பாளர் நியூட்ரினோ. பார்க்காத துகளுக்குப் பெயர் வைப்பது சரியா என்றீர்களே, அதற்கும் பதில் இதனிடம் இருக்கிறது. 1930-ல் பௌலி இதை வெறும் காகிதத்தில் முன்வைத்தார். அணுக்கரு எலக்ட்ரானை உமிழும் பீட்டா சிதைவில் கொஞ்சம் ஆற்றல் கணக்கில் உதைத்தது. கண்ணுக்குத் தெரியாத ஒன்று அதை எடுத்துக்கொண்டு போகிறது என்றார். ரைன்ஸும் கவனும் அதை அணு உலைக்குப் பக்கத்தில் வைத்துப் பிடித்தது 1956-ல். 26 வருடம் அது பெயர் மட்டும் உள்ள துகளாகத்தான் இருந்தது.

அண்டவெளி முழுக்க ஒரு கன சென்டிமீட்டருக்கு 300-க்கு மேல் நியூட்ரினோக்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் துளி எடை இருந்தால் போதும், மொத்தத்தில் பிரபஞ்சத்தையே ஆட்டி வைக்கும். மண்டலக் கொத்துகளின் காணாத எடை இதுவாக இருக்கலாம் என்று 1970-களின் தொடக்கத்தில் எழுதியவர்களில் ஒருவர் ராமநாத் கௌசிக். காவலூரை நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனத்துக்குப் பிற்பாடு இயக்குநராக இருந்தவர். அழகான யோசனைதான், ஆனால் தேறவில்லை. நியூட்ரினோ கிட்டத்தட்ட ஒளி வேகத்தில் ஓடுவது. சின்னச் சின்னப் பொருள் திரட்சிகளை அது கலைத்துவிட்டுப் போய்விடும். முதலில் பிரம்மாண்டக் கொத்துகள் உண்டாகி, பிறகு உடைந்துதான் மண்டலங்கள் வர முடியும். 1980-களில் கணினியில் இப்படி ஒரு பிரபஞ்சத்தை ஓட்டிப் பார்த்தார்கள், நாம் காணும் வானத்தோடு அது பொருந்தவில்லை. எடையும் உதவவில்லை. கரும்பொருள் முழுவதும் நியூட்ரினோ என்றால் நியூட்ரினோவின் மூன்று வகையின் எடையும் சேர்ந்து 11 எலக்ட்ரான் வோல்ட் (துகள்களின் எடையைச் சொல்லும் அலகு) அளவுக்கு வர வேண்டும். ஜெர்மனியில் கார்ல்ஸ்ரூவேயில் நடக்கும் கேட்ரின் சோதனை 2025-ல் வெளியிட்ட உச்சவரம்பு, ஒன்றுக்கு 0.45 தான். இருக்கிறது என்று உறுதியாகத் தெரிந்த துகள், ஆனாலும் வேட்பாளராகத் தோற்றது. அந்தத் தோல்விதான் கரும்பொருள் மெதுவாக நகர்வது என்ற பாடத்தைக் கொடுத்தது.

அடுத்தது விம்ப். எடை அதிகமான, யாரோடும் எளிதில் ஒட்டாத துகள். திருவிழா முடிந்த மைதானத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நெரிசலில் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டே இருப்போம். கூட்டம் கலைந்து ஆட்கள் அங்கங்கே சிதறிவிட்டால் யாரும் யாரையும் சந்திப்பதில்லை. ஆரம்பப் பிரபஞ்சத்தில் விம்ப்கள் ஒன்றையொன்று சந்தித்தால் இரண்டும் அழிந்துபோகும். பிரபஞ்சம் விரிய விரியச் சந்திப்பு குறைந்து, ஒரு கட்டத்தில் மிச்சமிருப்பவை தனியாக நின்றுவிடும். எத்தனை மிஞ்சும் என்பதை, சந்திக்கும்போது எவ்வளவு எளிதில் அழிகின்றன என்பதே தீர்மானிக்கும். புரோட்டானைப் போல நூறு மடங்கு எடை, கதிரியக்கத்தில் நமக்குத் தெரிந்த வலிகுறை விசையின் அளவில் தொடர்பு, இந்த இரண்டை வைத்துக் கணக்குப் போட்டால் ஏறத்தாழ நமக்கு வேண்டிய அளவே மிஞ்சுகிறது! அதே எடை வரம்பில் புதுத் துகள்கள் இருக்க வேண்டும் என்று, ஒவ்வொரு துகளுக்கும் ஒரு ஜோடித் துகள் உண்டு என்னும் மீச்சமச்சீர் கோட்பாட்டுக்காரர்கள் வேறு காரணத்துக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இரண்டு கைகள் இருட்டில் தற்செயலாகத் தொட்டுக்கொண்டது மாதிரி. இதற்கு விம்ப் அற்புதம் என்றே பெயர் வைத்தார்கள். நான் படித்த காலத்தில் இன்னும் பத்து வருடத்தில் பிடித்துவிடுவார்கள் என்று நம்பினோம்.

நம்மைச் சுற்றி எவ்வளவு இருக்கும்? நம் பகுதியில் கரும்பொருளின் அடர்த்தி, மூன்று கன சென்டிமீட்டருக்கு ஒரு புரோட்டான் எடை என்ற அளவில் மதிப்பிடப்பட்டிருக்கிறது. விம்ப்புக்குப் புரோட்டானைப் போல நூறு மடங்கு எடை என்றால் ஒரு லிட்டர் சொம்புக்குள் எந்த நேரமும் மூன்று இருக்கும். நொடிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் ஓடுவதால் உள்ளங்கை வழியாக நொடிக்குப் பல லட்சம் போய்க்கொண்டிருக்கும். ஆனால் பூமி உருண்டை முழுவதிலும் ஒரு நேரத்தில் இருக்கும் கரும்பொருளின் மொத்த எடை அரைக் கிலோதான். அரைக் கிலோ இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் பையில் போட்டுக்கொண்டு வருகிற எடை. இவ்வளவு கொஞ்சம் இருந்துமா மண்டலத்தையே பிடித்து வைத்திருக்கிறது என்றால், விண்மீன்களுக்கு நடுவே உள்ள வெற்றிடம் அவ்வளவு பெரியது. சிறுதுளி பெருவெள்ளம் இங்கே எழுத்துக்கு எழுத்து உண்மை.

இதைப் பிடிக்க அமெரிக்காவில் தெற்கு டகோட்டாவில், பழைய ஹோம்ஸ்டேக் தங்கச் சுரங்கத்தில் சுமார் ஒன்றரைக் கிலோமீட்டர் ஆழத்தில் லக்ஸ் செப்ளின் என்ற கருவியை வைத்திருக்கிறார்கள். 10 டன் திரவ செனான். விம்ப் ஒரு செனான் அணுக்கருவை இடித்தால் சின்னதாக ஒரு மினுக்கு வரும். 2024-ல் 280 நாள் தரவை வெளியிட்டார்கள். விம்ப் இல்லை. இத்தாலியிலும் சீனாவிலும் இதே போன்ற கருவிகள் உண்டு, அங்கேயும் இல்லை.

இருக்கிறது என்று சொன்னவர்களும் உண்டு. இத்தாலியின் டாமா குழு 1990-களின் இறுதியிலிருந்தே தங்கள் சோடியம் அயோடைடு படிகங்களில் வருடத்துக்கு ஒருமுறை ஏறி இறங்கும் சமிக்ஞை இருப்பதாகச் சொல்லி வருகிறது. பூமி சூரியனோடு சேர்ந்து ஒரே பக்கமாக ஓடும் ஜூன் தொடக்கத்தில், நம் வைகாசிப் பின்பாதியில், எதிரே வரும் கரும்பொருள் அதிகமாக மோத வேண்டும். டிசம்பரில் குறைய வேண்டும். டாமா சமிக்ஞையும் அப்படியே இருந்தது. ஸ்பெயினிலும் கொரியாவிலும் அதே வகைப் படிகத்தை வைத்துப் பல வருடம் பார்த்தார்கள். அவர்களுக்கு அது வரவில்லை. வேண்டிய விடை வந்தபோதும் இன்னொருவர் அதே படிகத்தில் சரிபார்க்கும்வரை ஒப்புக்கொள்ளவில்லை, கவனியுங்கள்.

ஆக்சியான் கதை எனக்கு இன்னும் நெருக்கமானது. நியூட்ரானுக்குள் மின்னூட்டம் உள்ள குவார்க்கு என்ற இன்னும் சிறிய துகள்கள் இருக்கின்றன. ஒரு பக்கம் நேர், ஒரு பக்கம் எதிர் என்று சாய்ந்திருக்க கோட்பாடு இடம் கொடுக்கிறது. அளந்து பார்த்தால் அந்தச் சாய்வு தென்படவே இல்லை. இதை விளக்க 1977-ல் பெச்சேய், க்வின் என்ற இருவர் ஒரு வழி சொன்னார்கள். அந்த வழியில் போனால் புதிதாக ஒரு துகள் வந்தே தீரும் என்று வைன்பர்க்கும் வில்செக்கும் தனித்தனியே காட்டினார்கள். சிக்கலைச் சுத்தம் செய்வதால் ஒரு சலவைத்தூளின் பெயரையே வில்செக் அதற்கு வைத்தார். கரும்பொருளைப் பற்றி அப்போது பேச்சே இல்லை. சில வருடம் கழித்துத்தான், இந்தத் துகள் ஆரம்பப் பிரபஞ்சத்தில் ஏராளமாக, மெதுவாக நகர்வதாக உண்டாகியிருக்கும் என்று கண்டார்கள். கரும்பொருளுக்குக் கேட்கும் அதே குணம்.

இது விம்ப்புக்கு நேர் எதிர். எடை எலக்ட்ரான் வோல்ட்டில் லட்சத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால், ஒரு கன சென்டிமீட்டருக்குள் 30 லட்சம் கோடி இருக்க வேண்டும். இத்தனை நெருக்கமாக இருப்பதை ஓர் அலை என்று நினைப்பதே பொருத்தம். பிடிக்கும் முறையும் அப்படித்தான். பலமான காந்தப் புலத்தில் ஆக்சியான் நுண்ணலையாக மாறும் என்று 1983-ல் பியர் சிகிவி சொன்னார். சியாட்டிலில் உள்ள ஏ.டி.எம்.எக்ஸ். சோதனையில் காந்தத்துக்கு நடுவே ஒரு செம்பு உருளையை வைத்து அதன் அலைவரிசையை மெல்ல மெல்ல மாற்றிக்கொண்டே கேட்கிறார்கள். என் சின்ன வயதில் இலங்கை வானொலி பிடிக்க அப்பா ரேடியோ முள்ளை மயிரிழை மயிரிழையாகத் திருப்புவார். ஆக்சியானின் எடை தெரியாது, அதனால் நிலையம் எந்த இடத்தில் என்று தெரியாது. முள்ளைத் திருப்பிக்கொண்டே போக வேண்டியதுதான். 2018-ல் 650 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய ஒரு சின்னப் பகுதியில், கோட்பாடு சொல்லும் மெல்லிய சத்தத்தையும் கேட்கும் அளவுக்குக் கருவி தேறியது. அந்தப் பகுதியில் இல்லை. மேலே இன்னும் நெடுந்தூரம் இருக்கிறது.

மலட்டு நியூட்ரினோ என்று இன்னொன்று உண்டு, சாதாரண நியூட்ரினோவைவிடக் கனமானது. 2014-ல் மண்டலக் கொத்துகளிலிருந்து, அது சிதைவதால் இருக்கலாம் என்னும்படி, 3.5 கிலோ எலக்ட்ரான் வோல்ட் எக்ஸ் கதிர் வருவதாக ஒரு பரபரப்பு எழுந்து பிறகு தளர்ந்துபோயிற்று. துகளே இல்லாமல், ஆதியில் உண்டான சிறு கருந்துளைகளாக இருக்கலாம் என்பவர்களும் உண்டு. குறுங்கோள் எடையுள்ள கருந்துளைகளுக்கு இன்னும் இடம் இருக்கிறது.

"இல்லை என்று விட்டுவிட வேண்டியதுதானே" என்றீர்கள். இதை லேசாக எடுத்துக்கொள்ளவில்லை நான், ஏனென்றால் வரலாறு இரண்டு பக்கமும் பேசுகிறது. யுரேனஸ் தடம் மாறி ஓடுவதைப் பார்த்துக் கண்ணுக்குத் தெரியாத கிரகம் இருக்கிறது என்று பிரெஞ்சு வானியலாளர் லெ வெரியே கணக்குப் போட்டார். 1846-ல் நெப்டியூன் அவர் சொன்ன இடத்துக்குப் பக்கத்திலேயே கிடைத்தது. பிறகு புதன் தடம் மாறியதற்கும் அதே மனிதர் வல்கன் என்ற கிரகத்தைச் சொன்னார். அது கிடைக்கவே இல்லை. 1915-ல் ஐன்ஸ்டைன் ஈர்ப்பு விதியையே திருத்தியபோது வல்கனுக்கு வேலை இல்லாமல் போயிற்று. கரும்பொருளும் வல்கனாக இருக்கலாமே என்று 1983-லிருந்து இயற்பியலாளர் மில்க்ரோம் ஈர்ப்பு விதியை மாற்றிச் சொல்லி வருகிறார். தனி மண்டலங்களின் சுழற்சிக்கு அது வியக்கும்படி பொருந்துகிறது, இதை மறைக்கக் கூடாது. ஆனால் புல்லட் கொத்து என்ற இடத்தில் இரண்டு மண்டலக் கொத்துகள் மோதிக் கடந்திருக்கின்றன. சாதாரணப் பொருளில் பெரும்பங்கான வாயு நடுவில் சிக்கி நிற்கிறது, ஈர்ப்போ இரண்டு பக்கமும் தள்ளி இருக்கிறது. 2006-ல் வெளியான அந்தப் படத்துக்கும் நுண்ணலைக் கணக்குக்கும் அந்த விதியால் சரியான பதில் சொல்ல முடியவில்லை. ஆகவே என் கணிப்பில் பொருள் உண்டு, துகள்தான் எது என்று தெரியவில்லை. கேட்டால் ஆக்சியான் பக்கமே சாய்வேன். விம்ப்புக்கு மிகவும் வாய்ப்பாக இருந்த இடங்களைக் கருவிகள் பெரும்பாலும் துடைத்துவிட்டன.

துடைத்துவிட்டன என்பது சின்ன விஷயம் இல்லை தம்பி. தேடிக் கிடைக்காத ஒவ்வொரு முறையும் 'இந்த எடையில், இந்த அளவு தொடர்போடு இல்லை' என்று ஒரு கோடு விழுகிறது. பெயரும் குணமும் சொல்லி ஒரு துகளைக் கூப்பிட்டால்தானே அது எங்கே இல்லை என்று கோடு போட முடியும்? அதற்குத்தான் பெயர் முதலில் வேண்டியிருக்கிறது.

கடைசியாக நம் மண்ணோடு சேர்ந்த ஒரு செய்தி. என் தாத்தா ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து ஜோலார்பேட்டையில் ரயிலேறி, பங்காருப்பேட்டையில் மாறி, தங்கவயலுக்கு வேலைக்குப் போனவர். வடாற்காட்டிலிருந்து அப்படிப் போன குடும்பங்கள் ஆயிரக்கணக்கில். அவர்கள் வெட்டிய சுரங்கத்தில் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் ஜப்பான், இங்கிலாந்து குழுக்களும் சேர்ந்து 1965-ல் வளிமண்டல நியூட்ரினோவைப் பதிவு செய்தார்கள். உலகில் அதை முதலில் கண்ட இடங்களில் ஒன்று நம் தங்கவயல். 2001-ல் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். இப்போது இந்தியாவில் கரும்பொருள் தேட ஜார்க்கண்டில் ஜாதுகுடா யுரேனியச் சுரங்கத்தில் 555 மீட்டர் ஆழத்தில் ஓர் ஆய்வகம் இருக்கிறது, கொல்கத்தாவின் சாகா அணு இயற்பியல் நிறுவனம் நடத்துகிறது. எம்.எஸ்சி. முடித்தபின் அங்கே போக வழி இருக்கிறதா என்று பாருங்கள். 2024-ல் இத்தாலி, சீனா செனான் தொட்டிகளில் விம்ப்புக்குப் பதில் சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோக்கள் அணுக்கருவை இடிக்கும் முதல் அறிகுறிகள் தெரியத் தொடங்கியிருக்கின்றன. பௌலி காகிதத்தில் எழுதிய அதே துகள். இனி விம்ப் தேடுபவர்கள் அந்த இரைச்சலுக்கு நடுவே தேட வேண்டும்.